கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை: ஓலை பிளந்து போவுது, யாராவது சொல்லித் தாங்க

தக்கலைக்காரி:
இப்ப ஓசூர்ல இருக்கேன். அம்மை இருந்தவரைக்கும் கார்த்திகைக்கு முற்றத்துல உக்காந்து பனங்குருத்தோலையில மாவ வச்சு கெட்டி அடுக்கி அவிப்பா, நான் ஒருநாளும் கூட இருந்து படிக்கல, அந்த வருத்தம் இப்பவும் உண்டு. போன வருசம் தம்பி பஸ்ல ஓலை குடுத்துவிட்டான், ரெண்டு நாளு கழிச்சு செஞ்சேன், ஓலை பிளந்து மாவு வெளிய வந்துட்டு, உள்ள உள்ளதும் வேகல. பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய், வறுத்த சிறுபயறு, ஏலக்காய் போட்டேன். எங்க தப்பு?

வடலி:
மக்களே, ஓலை காஞ்சிருக்கும், அதான் பிளந்துட்டு. ஈரத்துணியில சுத்தி அனுப்பச் சொல்லு. வடலியோட, அதான் இளம்பனையோட குருத்தோலைதான் வேணும், முத்தினது மடங்காது. சாண் நீளத்துக்கு நறுக்கி, மடிப்புக்குள்ள விரல் கனத்துக்கு மாவ அமுக்கி, மேல இன்னொரு துண்ட கவுத்தி மூடி ஓலை நாரால ரெண்டு எடத்துல கெட்டணும். நீ மாவ கூடுதலா வச்சிருப்ப, அதான் உள்ள வேகல.

நாஞ்சில் மைனி:
பயற வறுத்தா மட்டும் போதாது, வறுத்து அரைவேக்காடு வேவிச்சு தண்ணிய வடிச்சுட்டு சேக்கணும். மாவையும் வறுங்க. கருப்பட்டிய காய்ச்சி, மண்ணு கிடக்கும்லா, வடிகட்டி சூட்டோட ஊத்தி பிசையணும், பிடிச்சா பிடியில நிக்கணும். சுக்க விட்டுட்டீங்களே! எங்க வீட்ல சுக்கு இல்லாம கிடையாது. அவிச்சதும் பிரிக்காதீங்க, ஆறினா ஒட்டாம வரும்.

பனையடி:
நாகர்கோவில் வடசேரி சந்தையில கார்த்திகைக்கு முந்தின நாளு ஓலை வரும், தம்பிய அங்க விடுங்க. எங்க பக்கம் வடலியே கொறஞ்சு போச்சு, பனைய வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021-ல அரசு சொல்லிச்சு, ஆனா நாம நட்டாத்தானே குருத்து வரும், இடமுள்ளவங்க வேலியோரம் நாலு பனங்கொட்டை புதைங்க. ஓலை கிடைக்காட்டா வயணை இலையில (காட்டுப் பட்டை மரத்து இலை) கும்பிள் மாதிரி, கூம்பா மடக்கி அவிக்கலாம், நல்ல மணம்தான், ஆனா அது வேற பண்டம், ஓலை வாசம் வராது.

தக்கலைக்காரி:
சுக்கு! அம்மை அம்மியில தட்டுற சத்தம் இப்ப காதுல கேக்குது மைனி. வயணை இலை இங்க கிடைக்காது, தம்பிகிட்ட ஈரத்துணி சொல்லிட்டேன். இட்லிச் சட்டியில எவ்வளவு நேரம் வைக்கணும்?

வடலி:
தண்ணி கொதிச்ச பெறவு வச்சு அரை மணிக்கூர். ஓலை நெறம் மாறி வாசம் நடை வரைக்கும் வரும், அப்ப எறக்கு.