சீரியம் ஒன்றரைச் சல்பைடு: ஒரு பெயர்ப் பரிந்துரை

அன்புடையீர்,

இரண்டு சீரியம் அணுக்களுக்கு மூன்று கந்தக அணுக்கள் என்ற விகிதத்தில் அமைந்த சேர்மத்துக்குச் ‘சீரியம் முச்சல்பைடு’, ‘இருசீரியம் முச்சல்பைடு’, ‘சீரியம் செசுகுவிசல்பைடு’ ஆகிய பெயர்கள் முன்மொழியப்பட்டுள்ளன. இவற்றுக்கு மாற்றாகச் ‘சீரியம் ஒன்றரைச் சல்பைடு’ என்பதை நான் பரிந்துரைக்கிறேன். முதற்பெயர் பொருந்தாது, ஓர் உலோக அணுவுக்கு மூன்று கந்தக அணுக்கள் கொண்ட டைட்டானியம் முச்சல்பைடு போன்றவை தனியே உள்ளன. மூன்றாவது வெறும் ஒலிபெயர்ப்பு. அந்த இலத்தீன் முன்னொட்டுக்குப் பொருளே ஒன்றரை என்பதுதான்.

இரண்டாவது பெயரில் பிழை இல்லை என்றாலும், ஐந்து அணுக்கள் சேர்ந்த தனி மூலக்கூறு ஒன்று இருப்பதாக அது மாணவரை எண்ண வைக்கும். இத்திண்மத்தில் அப்படி எதுவும் இல்லை. பண்புகளைத் தீர்மானிப்பது விகிதமே. சீரியம் அணு மூன்று எலக்ட்ரான்களைத் தருகிறது, கந்தக அணு இரண்டை ஏற்கிறது. ஒன்றுக்கு ஒன்று என்று சேரும் மோனோசல்பைடில் சீரியம் அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் மிஞ்சுவதால், அது பித்தளை நிறத்தில் பளபளப்பதோடு மின்சாரத்தையும் உலோகம்போலவே கடத்துகிறது. ஒன்றரைக்கு வந்ததும் மிச்சம் எதுவும் இல்லை, கிடைப்பது குறைகடத்தி. அதன் படிக வடிவங்களுள் ‘காமா’ எனப்படுவது நல்ல சிவப்பு. 1990களில் பிரான்சின் ரோன்-புலாங்க் நிறுவனம் காட்மியம் நிறமிகளுக்கு மாற்றாக முன்னிறுத்தியது இதைத்தான். காமா படிகத்தில் உலோகத்துக்குரிய ஒன்பது இடங்களில் ஒன்று காலியாக இருக்கிறது. கூடுதல் சீரியம் அந்தக் காலியிடங்களில் புகப்புக எலக்ட்ரான்கள் மிஞ்சத் தொடங்கி, எல்லா இடங்களும் நிரம்பும்போது மூன்றுக்கு நான்கு விகிதமுள்ள கறுப்புச் சேர்மம் உருவாகிறது. அதற்கு மட்டும் ‘முச்சீரியம் நாற்சல்பைடு’ என்றே எழுத வேண்டியிருக்கும்; அந்த விகிதத்துக்குப் பொருந்தும் பின்னச்சொல் வழக்கில் இல்லை.

தயாரிப்பு முறையும் விகிதத்தைச் சுற்றியே அமைந்துள்ளது. 1940களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில், புளூட்டோனியத்தை உருக்குவதற்கு ஏற்ற மூசை (உலோகம் உருக்கும் கலம்) தேவைப்பட்டபோது, ஈஸ்ட்மன், புரூவர் ஆகியோரின் குழு சீரியம் சல்பைடுகளை ஆராய்ந்தது. முடிவுகள் 1950இல் வெளியாயின. (பொற்கொல்லரிடம் ‘மூசை’ இருக்கையில் நாம் வேறு சொல் தேட வேண்டியதில்லை.) சீரியம் ஆக்சைடை மிகுந்த வெப்பத்தில் வைத்து அதன்மீது ஹைட்ரசன் சல்பைடு வாயுவைச் செலுத்தினால் ஒன்றரைச் சல்பைடு கிடைக்கும். அதனுடன் சீரியம் ஹைட்ரைடைக் கலந்து வெற்றிடத்தில் சூடாக்கினால், ஹைட்ரசன் வெளியேற, எஞ்சிய சீரியம் விகிதத்தை ஒன்றுக்கு ஒன்றாகக் குறைத்துவிடும். அவ்வாறு கிடைக்கும் மோனோசல்பைடு ஏறத்தாழ 2450 பாகை செல்சியசில்தான் உருகும். அதில் செய்த மூசை, வினைத்திறன் மிக்க உலோகங்களின் உருகலையும் தாங்கும். ஆனால் பிளாட்டினத்தோடு வினைபுரிந்துவிடும்.

ஒரு சிக்கலையும் குறிப்பிட வேண்டும். பீட்டா வடிவம் என்று நூல்களில் வழங்குவது படிகத்துக்குள் சிறிதளவு ஆக்சிசனையும் கொண்டது. எனவே அதை ஒன்றரைச் சல்பைடின் ஒரு வடிவமாகப் பட்டியலிடாமல், ‘சீரியம் ஆக்சிசல்பைடு’ என்ற தலைப்பின்கீழ்ச் சேர்ப்பதே முறை. ஆல்ஃபா, காமா வடிவங்கள் இரண்டுக்கும் ‘ஒன்றரைச் சல்பைடு’ என்ற பெயர் தடையின்றிப் பொருந்தும். லாந்தனம், நியோடிமியம் ஆகியவற்றின் இதே விகிதச் சேர்மங்களுக்கும் ‘ஒன்றரைச் சல்பைடு’ என்றும், ஆக்சைடுகளுக்கு ‘ஒன்றரை ஆக்சைடு’ என்றும் நீட்டிக்கொள்ளலாம். மறுப்பு இருந்தால் காரணத்துடன் எழுதுமாறு வேண்டுகிறேன்.