மரத்தில் செய்த போர்விமானம்: சொப்பா, மாதிரியா, சிற்றுருவா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

மேசையிலும் கண்ணாடி அலமாரியிலும் வைக்க மரத்தில் செய்கிற ஜெட் போர்விமானத்துக்குச் 'சொப்பு விமானம்' என்று பெயர் வைக்கலாம் என்கிறீர்கள். மரச் சொப்புக்குப் பேர்போன அம்பாசமுத்திரத்துக்காரர் அப்படிச் சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. செப்பு மருவித்தான் சொப்பு. அம்மி, உரல், பானை, அடுப்பு என்று பிள்ளைகள் சோறாக்கி விளையாடுகிற சாமான் அது. விமானப்படையில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவரிடம், அவர் மேசையில் நிற்கும் மிக்-21-ஐக் காட்டி நீங்களே சொப்பு என்று சொல்லிப் பாருங்கள்.

'மர விமானம்' என்றால் எங்கள் வீட்டில் "எந்தக் கோயிலில்?" என்று கேட்பார்கள். அதை விடுங்கள்.

பெரும்பாலோர் எழுதுவது 'மாதிரி விமானம்'. 2001 ஜனவரி 4 அன்று நம் நாட்டுப் போர்விமானமான தேஜஸ் முதன்முதலாகப் பறந்தபோது மேலேறியது படைக்குக் கொடுக்கிற விமானம் அன்று. தொழில்நுட்பத்தைச் சோதித்துக் காட்டச் செய்தது. அதையும் தமிழில் மாதிரி விமானம் என்றே எழுதிவிடுகிறோம். ஒன்றில் ஆள் ஏறிப் பறக்கலாம், இன்னொன்றைத் துணியால் தூசி தட்டலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லா?

பட்டறைச் சொல்லையே எடுத்துக் 'கடைசல் விமானம்' என்றால் என்ன என்றும் யோசித்தேன். மிக்-21-க்குப் பொருந்தும். உடல் நீளக் குழாய். காற்று நுழையும் வாய் மூக்கிலேயே இருக்கிறது, அதன் நடுவில் ஒரு கூம்பு. கட்டையைச் சுழற்றிச் செதுக்கும் கடைசலில் மாட்டினால் பாதி வேலை முடிந்தது. தேஜஸ் அப்படி மசியாது. காற்றுவாய்கள் இரண்டு பக்கமும் இறக்கைக்கு அடியில் ஒட்டிக் கிடக்கின்றன, இறக்கையோ முக்கோணம். முழுக்க உளி, அரம், உப்புத்தாள் வேலை. செய்முறையை வைத்துப் பெயரிட்டால் பல விமானங்கள் வெளியே நின்றுவிடும்.

என் முன்மொழிவு 'சிற்றுரு'. போர்விமானச் சிற்றுரு, மரத்தையும் சொல்ல வேண்டிய இடத்தில் மரச் சிற்றுரு. பிள்ளைத்தமிழில் சிறுதேர் இருக்கிறதே, அந்த வழியில் 'சிறுவிமானம்' ஆகாதா என்றால், நாலு பேர் ஏறும் விமானம் அந்தச் சொல்லில் உட்கார்ந்துகொள்ளும்.

*

தம்பி,

சிற்றுரு சரி. சொப்பை விட மனசில்லாமல்தான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண் மதிப்பில் செதுக்கியதும் அளந்து செய்ததும் ஒன்றில்லை. தேஜஸின் நீளம் 13.2 மீட்டர், 48-இல் ஒரு பங்கு என்றால் 27.5 சென்டிமீட்டர் வர வேண்டும். அப்படி வந்தால் மட்டும் 'அளவுச் சிற்றுரு' என்போம். மற்றதெல்லாம் வெறும் சிற்றுரு.

அப்புறம், சாய்ந்து பறக்கிற மாதிரி (பாருங்கள், மாதிரி விட மாட்டேன் என்கிறது) அதை நிறுத்துகிற கம்பிக்கும் அடிப்பலகைக்கும் என்ன சொல்வது? 'தாங்கி' என்று எழுதினால் பால்பேரிங் என்று நினைப்பார்கள். அதை ஸ்டாண்டு என்றே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.