மறு: ‘க்ளாக்’ காலணிக்குக் கலைச்சொல்

எல்லோருக்கும் வணக்கம்.

‘க்ளாக்’ (clog) என்ற தடித்த அடிக் காலணிக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற இந்த விவாத இழை நீண்டுகொண்டே போகிறது, சொற்களும் வந்து குவிகின்றன. ஆனால் பொருள் எப்படி இருக்கும், காலில் எப்படி நிற்கும் என்பதை யாரும் பேசின மாதிரி தெரியவில்லை. டென்மார்க் காலணியைப் பற்றித்தானே கேள்வி வந்தது, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

> மரச்செருப்பு என்று எழுதிவிட்டுப் போகலாமே, இதில் என்ன விவாதம்?

விவாதம் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் ‘ட்ரேஸ்கோ’ என்கிறார்கள், நேர்ப்பொருள் மரக்காலணிதான், சரி. ஆனால் அந்தப் பெயருக்குள் பல உருப்படிகள் அடங்கும். ஒரே கட்டையைக் குடைந்து செய்தது ஒரு வகை. ஆல்டர், பிர்ச், பீச் போன்ற மரங்களைப் பச்சையாக இருக்கும்போதே செதுக்கி அப்புறம் காயவைப்பார்கள், காய்ந்துபோன கட்டையைக் குடைவது பெரும்பாடு. அடி மட்டும் மரம், மேலே தோல், குதிகால் பக்கம் திறந்தே கிடப்பது இன்னொரு வகை. அதே மர அடியின்மேல் உயரமாகத் தோலைக் கட்டினால் பூட்ஸ், பண்ணை வேலைக்காரர்களும் மீனவர்களும் போட்டது. குளிருக்கு உள்ளே வைக்கோலைத் திணித்துக்கொண்டார்கள், அடிக்கட்டை தேயாமல் இருக்க இரும்பு அடித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் ஏழை எளியவர்களின் அன்றாடச் செருப்பு இது. அந்த மொழியில் ஒருவர் ‘மரக்காலணியைக் கழற்றி வைத்துவிட்டார்’ என்றால் மண்டையைப் போட்டுவிட்டார் என்று அர்த்தம், அந்த அளவுக்கு வாழ்க்கையோடு ஒட்டிய சாமான்.

சிக்கல் இதற்கப்புறம்தான். 1907இல் டென்மார்க்கில் தொடங்கிய சானிட்டா நிறுவனம் இன்றும் மர அடி வைத்துச் செய்கிறது, கூடவே பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளை வார்த்த அடி வைத்தும் செய்கிறது. 1990இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தொடங்கிய டான்ஸ்கோ இந்த டேனிஷ் வடிவத்தைத்தான் அங்கே கொண்டுபோய்ப் பரப்பியது. நர்ஸுகளும் சமையல்காரர்களும் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்யப் போட்டுக்கொள்வது பெரும்பாலும் அந்த வார்ப்பு அடி வகையைத்தான், அதன் அடியில் மரம் கிடையாது. அப்புறம் 2002இல் வந்த க்ராக்ஸ், ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அதையும் அந்த நிறுவனமே க்ளாக் என்றுதான் விற்கிறது. முழுக்க நுரைப் பொருள். அதை ‘மரச்செருப்பு’ என்று மொழிபெயர்த்தால் படிக்கிறவர் சிரிப்பார்.

ஆக, மரம் ஒரு வகையின் அடையாளமே தவிர இனத்தின் அடையாளம் இல்லை. டேனிஷ் வகையில் கடைசிவரை மாறாதது வளையாத தடித்த அடி. சாதாரணச் செருப்பில் அடி எடுத்து வைக்கும்போது விரல் மூட்டுகள் மடங்கும், செருப்பும் கூடவே மடங்கும். இதில் அடி மடங்காது, அதற்குப் பதிலாக முன்பக்கம் சற்றே மேல்நோக்கி வளைந்திருப்பதால் கால் அப்படியே முன்னால் உருண்டு போகும். விரல் மூட்டுக்கு வேலை குறைகிறது. முன்பக்கம் அகலம் என்பதால் விரல்கள் நெருக்குப்படுவதில்லை. மேல்தோல் புறங்காலை மட்டும்தான் பிடித்துக்கொள்ளும், குதிகால் ஒவ்வொரு எட்டுக்கும் லேசாகத் தூக்கி இறங்கும், அப்படி இறங்கினால்தான் அளவு சரி. புதிதாக வாங்குகிறவர்கள் ‘லூசாக இருக்கிறது’ என்று ஓர் அளவு குறைத்து வாங்கி அவதிப்படுவது இதனால்தான். உயரமும் விறைப்பும் இருப்பதால் மேடுபள்ளத்தில் கணுக்கால் பிசகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், விளம்பரத்தில் அது வராது.

> நம்மிடம் ‘பாதுகை’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

பாதுகை வேறு பிராணி. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே குமிழ் இருக்கும், விரலால் கவ்விக்கொண்டே நடக்க வேண்டும். ட்ரேஸ்கோவில் விரலுக்கு அந்த வேலையே கிடையாது. அதோடு, பரதன் அரியணையில் வைத்த பிறகு அந்தச் சொல்லுக்கு ஒரு பூசை வாசம் ஏறிவிட்டது. ‘பாதுகை அணிந்த நர்ஸ் ஊசியோடு வந்தார்’ என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாணாற்றுப்படையின் ‘அடிபுதை அரணம்’ எனக்கும் பிடித்த தொடர்தான், அதை முன்மொழிந்த ஐயாவுக்கு நன்றி, ஆனால் அது காலை மூடும் எல்லாக் காலணிக்கும் பொருந்தும். குதிகால் திறந்த வகையும் உள்ள இதற்கு அது ஒட்டவில்லை.

என் பரிந்துரை ‘குறடு’. சந்தனக்குறடு என்கிறோமே, அந்தக் குறடு, கட்டை என்ற பொருளில். பாதக்குறடு என்று காலில் போடுவதற்கும் ஏற்கெனவே ஆண்ட சொல். பாதக்குறடும் குமிழ் வைத்ததுதானே என்று கேட்பீர்கள், அதனால்தான் ‘பாத’வை விட்டுவிட்டுக் ‘குறட்டுக் காலணி’ என்கிறேன். இதில் மரம் என்ற பேச்சு கட்டாயம் இல்லை, கட்டை போன்ற அடி என்பது மட்டும் நிற்கிறது, பாலியூரித்தேனுக்கும் செல்லும். முழுக்கக் குடைந்ததை முழுமரக் குறடு, தோல் வைத்ததைத் தோல்முகக் குறடு, பின்பக்கம் இல்லாததைத் திறந்த குறடு என்று பிரித்துக்கொள்ளலாம். க்ராக்ஸ் நுரைக்குறடு, அதன் அடி ஓரளவு வளையும் என்றாலும் உருவத்தை வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

> குறடு என்றால் பட்டறையில் பிடிக்கிற சாமான். குழம்பாதா?

தனியாக எழுதினால் குழம்பும், கூட்டுச்சொல்லாக எழுதினால் குழம்பாது. சட்டமன்றக் கொறடாவையே நாம் யாரும் இடுக்கியோடு குழப்பிக்கொள்வதில்லை!

‘க்ளாக்’ என்றே எழுதலாம் என்ற தரப்புக்கு: கடிகாரத்துக்கான ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தில் அப்படியேதான் வருகிறது. ‘நர்ஸுகளுக்கு ஏற்ற க்ளாக்’ என்றால் சுவரைப் பார்ப்பதா, தரையைப் பார்ப்பதா? டேனிஷ் வகையை மட்டும் சுட்டும்போது ட்ரேஸ்கோ என்று ஒலிபெயர்த்து ஒருமுறை குறிப்பிட்டால் போதும்.

உறுப்புகளின் பெயர்களும் முடிவாக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்கள் ‘அப்பர்’, ‘சோல்’ என்றுதான் புழங்குகிறார்கள், நாம் மேல்தோல், அடி என்று எழுதினால் அவர்களுக்கும் புரியும். அடிப்பலகையின் விளிம்பைச் சுற்றித் தோலை இழுத்துப் பிடித்து வரிசையாக அடித்திருக்கும் ஸ்டேப்பிள் ஊசிகளுக்கு ‘விளிம்பூசி’ போதுமா? முன்னால் உருளும் அந்த வளைவு அடிக்கு என்னிடம் ‘உருளடி’தான் இருக்கிறது, சக்கரம் வைத்த காலணி என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று ஒரு தயக்கம். வேறு நல்லது இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.