புதுப்பிப்பு: கீழ்வீட்டு சீலிங்குக்கு என் பாலிசி பணம் தந்ததா?

போன மாதம் கேட்டிருந்தேன்: சென்னையில் எங்கள் ஃபிளாட்டில் கீசருக்குப் போகும் குழாய் வெடித்து, கீழ்வீட்டு ஹால் சீலிங் ஊறி விழுந்துவிட்டது, என் வீட்டுக் காப்பீடு அதற்குப் பணம் தருமா என்று. பதில் வந்துவிட்டது. தராது.

என்னிடம் இருப்பது பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரலில் வந்த பொதுவான பாலிசி. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை ஒன்றுதான். குழாய் வெடிப்பு அதில் உண்டு. அதனால் என் வீட்டில் உப்பிப்போன அலமாரிக்கு கிளெய்மை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அது என் கட்டடத்துக்கும் என் பொருளுக்கும் மட்டும்தான். என் வீட்டிலிருந்து அடுத்தவருக்குப் போகும் சேதம் ‘மூன்றாம் நபர் பொறுப்பு’. அதற்குத் தனியாக கவர் எடுத்திருக்க வேண்டும்.

கீழ்வீட்டு அக்கா சீலிங் துண்டுகளை முறத்தில் அள்ளி வைத்திருந்தார். “ஆளை வச்சு சரி பண்ணிக் குடுத்தா போதும் தம்பி” என்றார், ஒரு கடுஞ்சொல் இல்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பெயின்ட் வரை எல்லாச் செலவும் நானே கொடுத்துவிட்டேன்.

சரி, பாலிசியைப் புதுப்பிக்கும்போது இந்த மூன்றாம் நபர் கவரையும் சேர்க்கிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்த கவர் இருப்பவர்கள் நிறுவனத்துக்குச் சொல்லாமல் ‘தப்பு என்னுடையது, நான் தருகிறேன்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் நிபந்தனையிலேயே அதற்குத் தடை இருக்கும், கிளெய்ம் சிக்கிக்கொள்ளும்.