மறுவீட்டு நாளில் போக்கர் ஆடி மாமனாரை வெளியேற்றினேன். உங்கள் வீட்டு ஆட்டத்தில் என்ன நடந்தது?

பாளைக்காரன்:

ஆட்டம் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். அதனால் விதிகளுக்குள் போகவில்லை.

வைகாசியில் திருமணம். மறுவீட்டுச் சொதியைச் சாப்பிட்டு, இஞ்சித் துவையலின் காரம் நாக்கைவிட்டுப் போவதற்குள் மைத்துனன் பத்தமடைப் பாயை விரித்துவிட்டான். பெங்களூரில் அறைத் தோழர்களிடம் அவன் கற்றுக்கொண்ட டெக்சாஸ் ஹோல்டெம், போக்கரில் ஒரு வகை. எட்டுப் பேர். காசு கிடையாது. கடைசிவரை நிற்பவருக்கு அரைக் கிலோ அல்வா. சில்லுகளுக்குப் பதில் புளியங்கொட்டை, குன்றிமணி, சோழி.

மாமா நாற்பது வருட ரம்மிக்காரர். போக்கரை அன்று காலையில்தான் கேள்விப்பட்டார். ஆனாலும் ஐந்து பேர் போன பிறகும் அவர் இருந்தார், நான் இருந்தேன், சொதி மயக்கத்தில் தூணில் சாய்ந்துவிட்ட சின்ன மாமா இருந்தார். கற்றுக்கொடுத்த மைத்துனன் தோற்றுப்போய்ப் பின்கட்டில் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தான்.

என் கையில் இரண்டு ஒன்பது. நடுவே எல்லாருக்கும் பொதுவாக முதலில் விரிந்த மூன்று சீட்டு ஆர்ட்டின் ஒன்பது, கிளாவர் ஏழு, இஸ்பேட் ஆறு. அடுத்து டைமன் இரண்டு, ஆர்ட்டின் ராஜா. மூன்று ஒன்பது வைத்திருக்கிறேன், பயம் என்ன? இருந்ததை எல்லாம் நடுவே தள்ளினேன். மாமா தம் குன்றிமணிகளை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை பார்த்தார். "மாப்பிள்ளை கேட்கும்போது இல்லை என்று சொல்ல முடியுமா?" என்று சிரித்துக்கொண்டே அவரும் தள்ளிவிட்டார்.

நான் காட்டினேன். அவரும் பாயில் விரித்தார். இஸ்பேட் எட்டு, டைமன் ஐந்து.

ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது.

"ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை, பாருங்கள்" என்றார். போக்கரில் சின்னம் கலந்திருந்தாலும் இது வரிசைதான், மூன்று ஒன்பதை வெல்லும். ஒரே சின்னத்தில் வந்தால்தான் ரம்மியில் வரிசை. அவருடைய கண்ணுக்கு அது உதிரிச் சீட்டு. இரண்டு நொடி இருக்கும். பிறகு அவரே கவிழ்த்துக் கட்டோடு கலந்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. குன்றிமணிகளை வாரி என் பக்கம் சேர்த்தேன்.

அல்வாவும் எனக்குத்தான். சர்க்கரை நோய் இருக்கிறது, அத்தை முறைக்கிறார்கள், ஆனாலும் "மாப்பிள்ளை ஜெயித்த அல்வா" என்று மாமா ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். ஒரு மாதமாகிறது. அந்த இஸ்பேட் எட்டு இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

தென்காசிச் சாரல்:

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். சீட்டை விரித்து வைத்த பிறகு வைத்தவர் என்ன நினைக்கிறார் என்பதற்கு மதிப்பில்லை. சீட்டு என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு. போட்டிகளில் பொதுவாக இருக்கும் விதி இது. விரித்த சீட்டை ஒருவர் தவறாகப் படித்தால் பார்த்தவர் சொல்லிவிட வேண்டும். கையில் மறைத்து வைத்திருக்கும்போது யோசனை சொன்னால்தான் குற்றம். நீங்கள் அன்று ஜெயிக்கவில்லை. அது மாமாவின் அல்வா.

சங்கரன்கோவில் ஆட்டக்காரர்:

மேலே எழுதியவர் நீதிபதி நாற்காலியில் ஏறிவிட்டார். புது மாப்பிள்ளை, மறுவீட்டு நாள், கண்முன்னே மூன்று ஒன்பது. வாய் எப்படி வரும்? தம் சீட்டைப் படிப்பது ஆடுகிறவர் பொறுப்பு. கலந்த பிறகு அது செத்த சீட்டு.

எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். ஆடித்தபசுக்கு வீடு நிறைய உறவு. கூடத்தில் போக்கர் ஆட்டம். அண்ணனிடம் ரன் (அடுத்தடுத்த எண்கள்), அவருடைய நண்பரிடம் ஆர்ட்டினில் கலர் (எல்லாச் சீட்டும் ஒரே சின்னம்). எங்கள் ஊரில் எல்லாருக்கும் மூன்று சீட்டுதான் பழக்கம். அதில் கலரை ரன் வெல்லும். போக்கரில் தலைகீழ். பாதிப் பேர் அண்ணன் பக்கம், பாதிப் பேர் நண்பர் பக்கம். பொறுக்க முடியாமல் நான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். மூன்று சீட்டில் ரன் வர 720 வழி, கலர் வர 1,096 வழி. அதனால் ரன் அரிது, ரன் பெரிது. ஐந்து சீட்டில் ரன் 10,200, கலர் 5,108. இங்கே கலர்தான் அரிது. ஒரே சின்னத்தில் வரும் ரன்னை இரண்டிலும் தள்ளிவிட்ட கணக்கு இது. காகிதத்தை நீட்டினேன். அண்ணன் அதை வாங்கவில்லை. நண்பரின் கையிலிருந்த ஆர்ட்டின் ராணியைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தார்.

அந்தக் கட்டு இன்னும் இருக்கிறது. ஒரு ஜோக்கரில் பேனாவால் 'ராணி' என்று எழுதி வைத்திருக்கிறோம். அது யார் கைக்கு வந்தாலும் கூடம் அமைதியாகிவிடும்.

கல்லிடைக்குறிச்சிப் பேத்தி:

புளியங்கொட்டை என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஆச்சி வீடு. பங்குனி மாதம், புளி உடைக்கும் நேரம். ஏழு பேர், ஆளுக்கு அறுபது கொட்டை. ஆட்டம் முடிந்து எண்ணினால் 420 இருக்க வேண்டும். 451 இருந்தது. திரும்ப எண்ணினோம். 451.

ஜெயித்தது அத்தை மகன். என்னைவிட மூன்று வயது பெரியவர், எப்போதும் கேலி. நான்தான் சொன்னேன், "அத்தான் கள்ள ஆட்டம் ஆடியிருக்கிறார்" என்று. சிரித்துக்கொண்டே சொன்னதுதான். அவர் சிரிக்கவில்லை. எழுந்து சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். அம்பாசமுத்திரம் பஸ் டிக்கெட் ஒன்று விழுந்தது. கூடவே ஒரு புளியங்கொட்டை.

ஒன்றே ஒன்று. முப்பத்தொன்று இல்லை. பாயில் சாய்ந்து எழும்போது தானாகப் போயிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் யார் அதை யோசித்தோம்? எல்லாரும் ஓவென்று கத்தினோம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உண்மை நான்கு வருடம் கழித்து வெளியே வந்தது. ஆச்சி எங்களுக்குப் பின்னால் அரிவாள்மணையோடு உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள் இல்லையா? என் தங்கையிடம் கொட்டை குறையும்போதெல்லாம் பின்னாலிருந்து நாலைந்தை அவள் பாவாடைப் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். கேட்டால், "பிள்ளை முகம் வாடிப்போய்விட்டது, கொட்டைதானே" என்றார்கள். ஆச்சிக்கு அது பந்திப் பரிமாறல், இலை காலியான பிள்ளைக்கு இன்னொரு கரண்டி. தங்கை அத்தனையையும் அத்தானிடமே தோற்றிருக்கிறாள்.

ஆச்சி இப்போது இல்லை. அத்தான் விசேஷங்களுக்கு வருவார், பேசுவார். சீட்டைக் கையில் எடுத்தால் மட்டும் "எனக்கு வேலை இருக்கிறது" என்று எழுந்துவிடுவார்.

வண்ணாரப்பேட்டைக் கணக்கர்:

நான் ஆடிய ஆட்டம் இரவு எட்டுக்குத் தொடங்கி விடியற்காலை பால்காரர் வரும்வரை முடியவில்லை. அவ்வளவுதான் என் கதை. ஆனால் மேலே உள்ள எல்லா வம்புக்கும் காரணம் ஏற்பாடு சரியில்லாததுதான்.

முதலில், வீட்டில் கிடைக்கும் பொருளைச் சில்லாக வைக்காதீர்கள். சமையலறையில் மூட்டை மூட்டையாக இருக்கும் புளியங்கொட்டை எப்படிப் பணமாகும்? நோட்டு அச்சடிக்கும் இயந்திரத்தைத் திண்ணையில் வைத்தது போலத்தான். பிளாஸ்டிக் சில்லு வாங்குங்கள். முடியாவிட்டால் கொட்டையின் முதுகில் சுண்ணாம்புப் பொட்டு வையுங்கள். இரண்டாவது, பிளைண்ட் தொகையை (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் சிறிது, பெரிது என்று கட்டாயமாக வைப்பது) ஏற்றாமல் ஆடினால் யாரும் தோற்க மாட்டார்கள்; எங்கள் ஆட்டம் விடிந்தது அதனால்தான். எட்டுப் பேருக்கு ஆளுக்கு 2,000 கொடுத்தால் மொத்தம் 16,000. 25-50-இல் தொடங்கி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள்: 50-100, 75-150, 100-200, 150-300, 200-400, 300-600, 400-800. எட்டாவது படி முடியும்போது இரண்டு மணி நாற்பது நிமிடம். பெரிய பிளைண்டைப் போல இருபது மடங்குதான் மொத்தச் சில்லும் என்ற நிலை வந்தால் ஆட்டம் தானாக முடிவுக்கு வந்துவிடும். மூன்றாவது, ஒருவர் குறைவான சில்லோடு எல்லாவற்றையும் தள்ளினால் மற்ற இருவரின் மிச்சத்தைத் தனிக் குவியலாக வைக்க வேண்டும். இதைச் செய்யத் தெரியாத வீட்டில் போக்கரே ஆடக் கூடாது. நான்காவது, எந்தக் கை எதை வெல்லும் என்ற பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சடித்து எல்லாரும் பார்க்கும் சுவரில் ஒட்டுங்கள். ஒட்டியிருந்தால் ராணி கிழிந்திருக்க மாட்டாள், மாமனாரும் ஏமாந்திருக்க மாட்டார்.

தென்காசிச் சாரல்:

கணக்கரே, ஆச்சி உயிரோடு இருந்திருந்தால் சுண்ணாம்புப் பொட்டையும் அவர்களே வைத்துத் தள்ளிவிட்டிருப்பார்கள்.

மேலப்பாளையம் வழக்குப்பிரியர்:

காசு வைத்து ஆடினீர்களா என்பதை எல்லாரும் தெளிவாக எழுதுங்கள். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் சொன்னது. மூன்று சீட்டுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. இணையத்தில் காசு வைத்து ஆடுவதை 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அல்வாவுக்கு ஆடியது வேறு கதை. ஆனாலும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஆடுங்கள்.

சங்கரன்கோவில் ஆட்டக்காரர்:

இந்த வெயிலில் ஜன்னலைச் சாத்துவதா?

பாளைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கல்லிடைக்குறிச்சி அக்கா, உங்கள் அத்தானைப் பற்றிப் படித்த பிறகு இரவு தூங்கவில்லை.

ஆடி அழைப்புக்கு அடுத்த வாரம் போகிறோம். மைத்துனன் இந்த முறை நிஜச் சில்லுகள் வாங்கி வருகிறானாம். கணக்கர் அண்ணாச்சி சொன்ன பட்டியலையும் அச்சடித்துக் கூடத்துச் சுவரில் ஒட்டப்போகிறானாம், நேற்றே என்னிடம் படத்தை அனுப்பிவிட்டான். மேலிருந்து ஆறாவது வரி ரன். அதற்கு அவன் எடுத்துக்காட்டாகப் போட்டிருப்பது ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. ஐந்தும் ஒரே சின்னமாக இல்லாமல் கலந்து கிடக்கின்றன. மாமா எதையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் உட்காருவார்.

அதற்கு முன்னால் தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எண்ணைப் போட்டேன். முதல் முறை அத்தை எடுத்தார்கள். இரண்டாம் முறை மாமாவே எடுத்து, "மாப்பிள்ளை, அல்வா அரைக் கிலோ போதுமா, ஒரு கிலோ வாங்கட்டுமா?" என்று கேட்டார். ஒரு கிலோ வாங்குங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.