மடக்கு நாற்காலி ரிப்பேர்: துணியை அப்புறம் பார்க்கலாம், முதலில் காலைத் தட்டிப் பாருங்க

திருவான்மியூர்வாசி:

மொட்டை மாடியிலும் வாசலிலும் கிடக்கிற மடக்கு நாற்காலிகளைப் பழுது பார்த்தவர்கள் அனுபவத்தை இங்கே எழுதலாம். நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. இந்தப் பக்கம் கேட், ஜன்னல் கம்பி, ஏசியின் வெளி யூனிட் என்று எதையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. நாற்காலி பழசாகிவிட்டது என்றால் எல்லோர் கண்ணும் கிழிந்த துணி மேல்தான் போகும். துணியை மாற்றி அழகு பார்ப்பார்கள். அடுத்த ஐப்பசி மழைக்குள் கால் மடங்கி ஆள் கீழே கிடப்பார்.

எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் தெருமுனையில் கிரில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். பின்னங்காலில் ஒரு விரிசல், வெல்டிங் வைத்துக் கொடுங்கள் என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் வெல்டிங் ராடைத் தொடவேயில்லை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் காலை மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். மேலே கணீரென்று கேட்ட சத்தம் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் செத்துப்போனது. அடியில் இருந்த ரப்பர் புஷ்ஷைப் பிடுங்கிக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து டீத்தூள் மாதிரி துரு கொட்டியது. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருந்த இடம் அது!

“தண்ணி ரிவிட் ஓட்டை வழியா உள்ள எறங்குது தம்பி. கீழே புஷ்ஷு அடைச்சிக்கிட்டு இருக்கு. எங்க போகும்?” என்றார். ரிவிட் என்றால் மூட்டில் குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கிற ஆணி. மெல்லிசுக் குழாய், அதுவும் உள்ளே பாதி அரித்தது. அதன் மேல் ஆர்க் வெல்டிங் வைத்தால் ஒட்டாது, ஓட்டைதான் விழும். அதனால் அரித்த துண்டை நல்ல இரும்பு தெரிகிற வரை வெட்டி எறிந்தார். குழாய்க்குள் இறுக்கமாக நுழைகிற சின்னக் குழாய் ஒன்றைச் சொருகி, அதன் மேல் புதுத் துண்டை ஏற்றி, சேருகிற இடத்தைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக வைத்தார். ஒரே இழுப்பாக இழுத்தால் சூடு ஏறிக் குழாய் உருகிவிடுமாம். அப்புறம் காலின் உட்பக்கம், புஷ்ஷோடு சேர்த்து, தரையை ஒட்டி மூணு மில்லி பிட்டால் ஒரு ஓட்டை. தண்ணீர் வெளியேற அதுதான் வழி. ஓட்டையை நேர் அடியில் போட்டால் தரையில் அழுந்தி மூடிக்கொள்ளும், பக்கவாட்டில்தான் போட வேண்டும்.

பெயிண்ட் வேலையை வீட்டிலேயே செய்துகொண்டேன். முதலில் 80 நம்பர் உப்புத்தாள், அடுத்து 120, தின்னர் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்து ஒரு ராத்திரி காயவிட்டேன். மறுநாள் எனாமல், மெல்லிசாக இரண்டு கோட். ரெட் ஆக்சைடு அடித்ததோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய பேர். அது பிரைமர்தான், அதாவது அடிப்பூச்சு, தனியாக ஈரத்தைத் தடுக்காது. அலுமினியம், ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் என்றால் ரெட் ஆக்சைடே வேண்டாம், உரிந்துகொண்டு வரும். அவற்றுக்கென்று தனி பிரைமர் இருக்கிறது, கடையில் கேட்டால் கொடுப்பார்கள்.

கடலோரத்தில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, முழுசாகக் காய்ந்த பிறகு மடக்கி வையுங்கள். உங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவாமல் ஈரத்துணியால் துடைப்பதே மேல்.

தூத்துக்குடி பந்தல்காரர்:

கால் பற்றி அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. எங்களுக்குச் சாமியானா, சேர் வாடகைத் தொழில். கல்யாணம், காதுகுத்து, துஷ்டி வீடு என்று போய்விட்டு வருகிற சேர்களில் கால் துரு ஒரு பக்கம் இருந்தாலும், பெரிய தலைவலி ரிவிட்தான். மடக்கி விரித்து மடக்கி விரித்து, வட்டமாக இருந்த ஓட்டை நீள்வட்டமாகிவிடும். சேர் ஆட ஆரம்பித்தால் குழாயில் விரிசல் விடுவதும் அந்த ஓட்டையிலிருந்துதான். வெல்டர் வெளியே வைக்கிற பற்று அங்கே நிற்காது, ஆட்டத்தை நிறுத்தினால்தான் விரிசல் நிற்கும்.

வீட்டில் செய்கிறவர்கள் பாப் ரிவிட் அடிக்கிறார்கள். அசையாத இடத்துக்கு அது சரி. மடங்குகிற மூட்டுக்கு ஆகாது. உள்ளே பொள்ளல், சீக்கிரம் லூஸாகிவிடும். நாங்கள் பழைய ரிவிட்டின் தலையை கிரைண்டரில் தேய்த்துத் தட்டி எடுத்துவிட்டு போல்ட் போடுகிறோம். முழுக்க மரை உள்ள போல்ட் வாங்காதீர்கள், மரை அரம் போல ஓட்டையை ராவிக்கொண்டே இருக்கும். பாதி மரை, பாதி வழவழப்பாக இருப்பதை வாங்கி, வழவழப்பான பகுதி குழாய்க்குள் உட்காரும்படி நீளம் பாருங்கள். இரண்டு குழாய்க்கும் நடுவில் நைலான் வாஷர் ஒன்று. கடைசியில் நைலாக் நட், உள்ளே நைலான் வளையம் இருப்பதால் கழலாது. சாதா நட் நாலு நாளில் கழன்று எங்கேயாவது விழும். ஒரு கையால் மடக்க முடிகிற அளவுக்கு மட்டும் இறுக்குங்கள், அதற்கு மேல் போனால் குழாய் நசுங்கும்.

இன்னொரு விஷயம். பின்பக்கம் நிறுத்தம் கொடுக்கிற கம்பியோ தகடோ தேய்ந்திருந்தால் அந்தச் சேரை வாடகைக்கே அனுப்ப மாட்டோம். ஆள் உட்காரும்போது அது வழுக்கினால் இடையில் மாட்டுவது விரல்தான், பெரும்பாலும் குழந்தைகள் விரல். வீட்டில் இருப்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணம் டீச்சர்:

நீங்கள் இருவரும் இரும்பிலேயே நிற்கிறீர்கள், துணிக்கு நான் பேசுகிறேன். எங்கள் வீட்டில் தேக்குச் சட்டம் போட்ட ஈஸி சேர். சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. துணியும் கிழியவில்லை, தையல்தான் விட்டது. வெயிலிலும் மழையிலும் பருத்தி நூல்தான் முதலில் இற்றுப்போகும்.

தையற்கடையில் கேட்டேன், ஊசி உடையும் என்று கையை விரித்துவிட்டார். பேருந்து நிலையம் பக்கத்தில் ஸ்கூல் பை ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுத்தேன். துணியை விரலால் மடித்துப் பார்த்துவிட்டு, “நூலு எதும்மா போடட்டும், பருத்தியா பாலியெஸ்டரா?” என்று அவரே கேட்டார். பாலியெஸ்டர் நூல், 18 நம்பர் ஊசி, கட்டை நுழைகிற மடிப்பில் மூன்று வரிசைத் தையல். இரண்டு ஓரத்திலும் நாலைந்து அங்குலம் திருப்பித் தைத்தார், இழுவை அங்கேதான் அதிகம் என்று.

புதுக் கேன்வாஸ் வாங்குகிறவர்கள் வெட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவையுங்கள். பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் உட்காருகிறவருக்கு முழங்கால் மூஞ்சிக்கு வரும். அளவு எடுக்கப் பழைய துணியைப் பிரித்து அப்படியே வைக்காதீர்கள், அது தொய்ந்து நீண்டிருக்கும். கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். கார்த்திகை மாதம் பூஞ்சணம் பிடித்தால் உலர்ந்த பிரஷ்ஷால் வெளியில் வைத்துத் தட்டிவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி நல்ல வெயிலில் போடுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் கறை துணிக்குள்ளேயே இறங்கிவிடும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. எங்கள் பள்ளியில் பிரம்பு நாற்காலி பின்ன வருபவர் பார்வையற்றவர். அரசு அலுவலகங்களில் இந்த வேலையைப் பல காலமாகப் பார்வையற்றவர்கள் பலர் செய்துவந்தார்கள். மாடியில் போடுகிற மடக்கு நாற்காலிக்கும் பிரம்பு பின்னித் தர முடியுமா என்று கேட்டேன். சட்டத்தைச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். “வெயில்ல கிடந்தா பிரம்பு வெடிச்சிடும் டீச்சர், மழையில பூத்துடும். ஒயர் போட்டுக்கலாம்” என்றார். ஒயரையும் கையால் மடித்துப் பார்த்துத்தான் வாங்கச் சொன்னார்: மடித்தால் அந்த இடம் வெள்ளையாக வெளுக்கிற சரக்கு வேண்டாமாம். அவர் பின்னிக் கொடுத்த பின்னலில் ஒரு இடத்தில்கூட இழுவை மாறவில்லை.

பீளமேடு:

பட்டறை அண்ணனும் பை ரிப்பேர் பெரியவரும் எங்கள் பக்கம் குடிவந்தால் தேவலை! என்னுடையது படுத்துக்கொள்கிற மாதிரி சாய்கிற, வலைத்துணி போட்ட மடக்கு நாற்காலி. துணி நல்லாத்தான் இருக்கிறது, அதைச் சட்டத்தில் இழுத்துப் பிடிக்கிற எலாஸ்டிக் கயிறு விட்டுப்போச்சு. தனியாகக் கிடைக்குமா? மூட்டில் கிறீச் சத்தம் வேறு, தேங்காய் எண்ணெய் விடலாமா?

தூத்துக்குடி பந்தல்காரர்:

கயிறு கிடைக்கும் தம்பி. பைக்கில் சாமான் கட்டுகிற எலாஸ்டிக் கயிறு விற்கிற கடையில் மீட்டர் கணக்கில் கேளுங்கள். பழைய துண்டைக் கையில் எடுத்துப் போய் அதே தடிமன் பாருங்கள், ஓட்டைக்குள் நுழைய வேண்டுமே. ஒரு கயிறு விட்டால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள், பழசும் புதுசும் கலந்தால் ஒரு பக்கம் தொங்கும். வெட்டின முனையை லைட்டரில் காட்டினால் பிரியாது. கோக்கும்போது நாற்காலியைப் படுக்கிற நிலையில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் இழுவை சமமாக வரும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். தூசியைப் பிடிக்கும், எறும்பும் வரும். தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, பத்துத் தடவை மடக்கி விரித்து, வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள்.