கண்மாய்க் குழு: நன்கொடையிலிருந்து ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கலாமா?

மேலூர்க்காரன்:
ஞாயிறுதோறும் கண்மாய்க்கரையில் கன்று நடுகிறோம். ஒருங்கிணைக்க ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைக்கலாம் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. எனக்குச் சம்மதமில்லை. கன்றுக்கென்று கொடுத்த காசு கன்றுக்குத்தான் போக வேண்டும். ஒருத்தருக்குச் சம்பளம் என்றால் மற்றவர்கள் நாளைக்கு ஏன் சும்மா வருவார்கள்?

வைகைக்கரை:
அண்ணே, நடுவதற்கு ஆளும் இருக்கிறது, காசும் இருக்கிறது. கரையில் நிற்கும் கூண்டுகளைப் போய்ப் பாருங்கள். பச்சைப் பெயின்ட், அதில் உபயதாரர் பெயர், உள்ளே காய்ந்த குச்சி. ஐப்பசி மழையில் அத்தனை பேரும் வருகிறார்கள். பங்குனி, சித்திரையில் தண்ணீர் வண்டி விட வேண்டிய நேரத்தில்தான் ஆளும் இல்லை, காசும் இல்லை. வண்டிக்காரரைப் பிடிப்பது, வர முடியாதவருக்கு மாற்று ஆள் தேடுவது, கொடுத்தவருக்கு ரசீது அனுப்புவது எல்லாம் தினசரி வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆளை நம்பி இதை நடத்த முடியாது.

மேலூர்க்காரன்:
பெரிய கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியிலேயே நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது தம்பி.

அனுப்பானடி:
அந்த வரம்பு கம்பெனியின் பொது நிர்வாகச் செலவுக்கு. திட்டத்தில் நேரடியாக வேலை பார்ப்பவர் சம்பளம் அதில் சேராது. நம்மூர் அரவிந்த் கண் மருத்துவமனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. முகாம் நடத்த ஊர்க்காரர்களும் சங்கங்களும் கைகொடுக்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்வது சம்பளத்துக்கு இருக்கும் மருத்துவர்கள்.

மேலூர்க்காரன்:
அங்கே காசு கட்டி வைத்தியம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அந்த வருமானம் இலவச நோயாளிகளையும் தாங்குகிறது. கண்மாய்க்கு யார் கட்டணம் கட்டுவார்? நன்கொடையை நம்பிச் சம்பளம் வைத்தால், தன் சம்பளத்துக்கு வசூல் பண்ணுவதே அவருக்கு வேலையாகிவிடும்.

வைகைக்கரை:
அந்தப் பயம் நியாயம்தான். அதனால் கூண்டுக் காசைத் தொட வேண்டாம். மாதம் 200, 300 என்று தொடர்ந்து தருபவர்களைத் தனியாகச் சேர்ப்போம். ‘இது தண்ணீருக்கும் சம்பளத்துக்கும்’ என்று முதலிலேயே சொல்லி வாங்குவோம். இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற வழி இருக்கிற அளவுக்கு மட்டும் நடுவோம். கன்று எண்ணிக்கை குறையும், குறையட்டும்.

மேலூர்க்காரன்:
சரி, எண்ணிக்கையைக் குறைக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சம்பளம் வாங்குபவர் வசூலில் கை வைக்கக் கூடாது, அதற்கு வேறு ஆள். மாதக் கணக்கைக் கரைக்குப் பக்கத்து டீக்கடையில் ஒட்ட வேண்டும். இந்த ரெண்டும் இல்லையென்றால் கூட்டத்தில் எதிர்த்துத்தான் பேசுவேன்.